பூஜ்யம் வாங்கினால் பாஸ்
கை, மணிக்கட்டுக் கேள்விப்பட்டியலைத் தமிழாக்கிச் சோதிப்பது: வாசகர் கேள்வி - பதில்

மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும். கூடிய கையால் குழாயைத் திருக முடிகிறதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எண்ணாக மாற்றும் படிவங்களில் ஒன்று பி.ஆர்.டபிள்யூ.இ. (Patient-Rated Wrist Evaluation, நோயாளியே தன் மணிக்கட்டை மதிப்பிடும் படிவம்). கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜாய் மெக்டெர்மிட் குழுவினர் உருவாக்கி 1998-இல் வெளியிட்டது. வலி பற்றி 5 கேள்விகள், கையால் செய்யும் வேலைகள் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். கடைசியில் வரும் மொத்தம் 0-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும். 0 என்றால் தொந்தரவே இல்லை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் படிவத்தைப் பற்றியே இருந்ததால், பதில்களையும் இதை வைத்தே எழுதியிருக்கிறோம்.

நானும் என் தோழியும் படிவத்தைத் தமிழாக்கினோம். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. இது போதாதா?
_பிசியோதெரபி முதுநிலை மாணவி, கோயம்புத்தூர்_

அச்சு அசலாகப் பொருந்தியதுதான் எங்களைச் சந்தேகப்பட வைக்கிறது. மூலத்தில் கழிவறையில் டிஷ்யூ காகிதம் பயன்படுத்துவது பற்றி ஒரு கேள்வி உண்டு. அதை ‘குளியலறைக் காகிதத்தைப் பயன்படுத்துதல்’ என்று தமிழாக்கினால், திரும்ப ஆங்கிலமாக்கும்போது மூலம் அப்படியே வந்து நிற்கும். ஆனால் தண்ணீர் எடுத்துக் கழுவுகிற ஊரில் அந்தக் கேள்வி யாருடைய கையையும் அளக்காது. திருப்பி மொழிபெயர்ப்பது சொல் தவறியதைக் காட்டும். வாழ்க்கை தவறியதைக் காட்டாது.

முறை என்று பலரும் பின்பற்றுவது 2000-இல் பீட்டனும் அவர் சகாக்களும் வகுத்த ஆறு படிகளை. முதல் படியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்கு எலும்பு, மூட்டு வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும்; மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இந்த இரண்டாமவர்தான் முக்கியம், நோயாளி பேசும் தமிழ் அவரிடமிருந்துதான் வரும். நீங்கள் இருவருமே பிசியோதெரபி படித்தவர்கள், போதாததற்கு உட்கார்ந்து பேசிச் செய்திருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு மொழிபெயர்ப்பு அல்ல, ஒன்று. 

இரண்டாவது படியில் இரண்டையும் ஒன்றாக்கி, எங்கெங்கே வேறுபட்டது, ஏன் இதை எடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதில் மூலத்தைப் பார்த்திராத இருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். நான்காவதில் குழு கூடும்: மருத்துவர், சிகிச்சையாளர், ஆய்வு முறை தெரிந்தவர், மொழி அறிந்தவர், மொழிபெயர்த்த அத்தனை பேரும். ஐந்தாவதில் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. ஆறாவதாக, எல்லாத் தாள்களையும் உருவாக்கியவரிடம் அனுப்புவது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. மூலத்தை உருவாக்கியவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். தமிழில் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஆறு மாத உழைப்புக்குப் பிறகு இன்னொரு வடிவம் இருப்பது தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

முதல் மொழிபெயர்ப்பைக் கணினி மொழிபெயர்ப்பானிடம் விடலாமா?
_தஞ்சாவூர் வாசகர்_

இரண்டு மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவராக அதைக் கணக்குக் காட்டக் கூடாது. ஏன் இந்தச் சொல்லை எடுத்தாய் என்று குழு கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

வீட்டுக் கதவில் குமிழே இல்லாதவரிடம் ‘கதவுக் குமிழைத் திருப்ப முடிகிறதா’ என்று எப்படிக் கேட்பது? இப்படி எந்தெந்தக் கேள்விகளை மாற்றலாம், எந்த அளவுக்கு?
_ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வேலூர்_

கேள்வியில் உள்ள பொருளைப் பார்க்காமல் அந்தப் பொருள் கையை என்ன செய்ய வைக்கிறது என்று பாருங்கள். மாற்றலாமா என்பதை அந்த அசைவுதான் தீர்மானிக்க வேண்டும்.

குமிழ் என்றால் உள்ளங்கையால் பற்றி முன்கையைச் சுழற்றுவது. பலரும் உடனே ‘பூட்டில் சாவியைத் திருப்புவது’ என்று மாற்றிவிடுகிறார்கள். சுழற்சி அதேதான், பிடி வேறு. சாவியைப் பிடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டும். கட்டைவிரல் அடி மூட்டு தேய்ந்தவருக்குச் சாவி கொல்லும், குமிழ் அவ்வளவு படுத்தாது. ஜாடி மூடியைத் திறப்பது என்று போட்டால் பிடி சரி, பலம் அதிகம். தண்ணீர்க் குழாயைத் திருகித் திறப்பது நெருங்கி வரும். ஆனால் இப்போது பல வீடுகளில் நெம்புகோல் மாதிரித் தட்டிவிடும் குழாய் வந்துவிட்டது. அதனால் ‘திருகித் திறக்கும் குழாய்’ என்று முழுதாக எழுதுங்கள்.

கத்தியால் இறைச்சி வெட்டுவது பற்றிய கேள்வியில் சைவம் சாப்பிடுபவர்களை நினைத்து ‘காய்’ என்று மாற்றுவார்கள். அது சரி. அதோடு நிற்காமல் ‘அரிவாள்மனையில் நறுக்குவது’ என்று போனால் தவறு. அரிவாள்மனையில் வெட்டுவாய் அசையாது, இரண்டு கையும் காயைத்தான் தள்ளுகின்றன. கத்தியில் ஒரு கை கைப்பிடியை இறுக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து அழுத்துகிறது. அளக்க வேண்டியது இந்த அழுத்தத்தை. ‘வலியுள்ள கையில் கத்தியைப் பிடித்து, பூசணி போன்ற கெட்டியான காயை வெட்டுவது’ என்று எழுதலாம். வெண்டைக்காய் என்று எழுதினால் அழுத்தம் போய்விடும்.

சட்டைப் பட்டன்: புடவை உடுத்துபவருக்கு ரவிக்கைக் கொக்கி. ‘சட்டைப் பட்டன் அல்லது ரவிக்கைக் கொக்கி போடுவது’ என்று எழுதுவது வசதி. ஆனால் ‘அல்லது’ வரும் கேள்விகளை நம்பாதீர்கள். கொக்கிக்கு இன்னும் நுணுக்கமான விரல் வேலை வேண்டும். முன்சோதனையில் ஆண்களின் எண்களையும் பெண்களின் எண்களையும் இந்த ஒரு கேள்விக்காவது பிரித்துப் பாருங்கள்.

நாற்காலியில் கையூன்றி எழுவதைத் ‘தரையில் கையூன்றி எழுவது’ என்று மாற்ற நம் கை துறுதுறுக்கும். வேண்டாம். தரையிலிருந்து எழும்போது மணிக்கட்டில் விழும் பாரம் பல மடங்கு. மூட்டு வலிக்காரருக்கு முழங்காலே முட்டுக்கட்டை ஆகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி இல்லாத வீடு இன்று குறைவு. ‘கைப்பிடியை ஊன்றி’ என்று சேர்த்தால் போதும்.

10 பவுண்டு என்பது 4.5 கிலோ. ‘5 கிலோ அரிசிப் பை’ என்றால் எல்லாருக்கும் கண் முன்னே நிற்கும். குடம் வேண்டாம். நிறைகுடம் இதைவிட மும்மடங்கு கனம். அதைச் சுமப்பது இடுப்பு.

கழிவறைக் கேள்விதான் உண்மையான தலைவலி. ‘மலம் கழித்தபின் வலியுள்ள கையால் கழுவிக்கொள்வது’ என்று வெட்கப்படாமல் எழுதலாம். சிக்கல் வெட்கம் அல்ல, பக்கம். நம்மவர்கள் இடக்கையால்தான் கழுவுவார்கள். வலக்கையில் அடிபட்டவர் அந்தக் கையால் ஒருநாளும் செய்ததில்லை. மூலப் படிவத்தின் குறிப்புப்படி, சமீபத்தில் செய்யாத வேலைக்கு எவ்வளவு சிரமம் இருக்கும் என்று ஊகித்துப் போட வேண்டும்; எப்போதுமே செய்ததில்லை என்றால் வெற்றாக விடலாம். ஆகவே வலக்கைக்காரர்கள் வரிசையாக வெற்றாக விடுவார்கள். அதற்குப் பதில் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் போட்டால் இடக்கைக்காரர்கள் விடுவார்கள். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று இரண்டு படிவம் செய்தால் இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிட முடியாது. கழுவும் கேள்வியையே வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்துக் கை என்று தனியே குறித்து, வெற்றாக விட்டவர்களின் எண்ணிக்கையைப் பக்கவாரியாக அறிக்கையில் காட்டுவதே எங்கள் சாய்வு. எந்த மாற்றமானாலும் உருவாக்கியவருக்குத் தெரிவித்துச் செய்யுங்கள். 2012-இல் இந்தி வடிவம் வந்திருக்கிறது. குழு கூடும் முன் அந்தக் கட்டுரையைப் படித்துவிடுவது நல்லது.

இன்னும் இரண்டு கேள்விகள் சத்தமில்லாமல் கெடுக்கும். ‘பொழுதுபோக்கு’ என்று எழுதினால் பலருக்கு அது டிவி பார்ப்பது. மணிக்கட்டு எவ்வளவு கெட்டிருந்தாலும் அதற்கு 0 விழும். கோலம் போடுவது, பூக் கட்டுவது, கேரம், பூப்பந்து என்று கை அசையும் உதாரணங்களைக் கொடுங்கள். அடுத்தது ‘வேலை’. இல்லத்தரசியிடம் ‘வீட்டு வேலை’, ‘வேலை’ என்று அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே எண் வரும். ‘உங்கள் தொழில், அல்லது தினமும் வழக்கமாகச் செய்யும் வேலை’ என்று விரித்தாலும் முழுதாகத் தீராது. எத்தனை பேர் இரண்டுக்கும் ஒரே எண் போட்டார்கள் என்று எண்ணி வையுங்கள்.

எங்கள் படிவத்தில் ஒருவர் வலிக்கு 8, 9 என்று போட்டுவிட்டு, வேலைகளுக்கு 1, 2 என்று போடுகிறார். பேசிப் பார்த்தால் எதுவுமே செய்ய முடியவில்லை என்கிறார். என்ன பிழை?
_எலும்பு மருத்துவ முதுநிலை மாணவர், மதுரை_

அவர் தன் கைக்கு மார்க் போடுகிறார். பத்துக்குப் பத்து என்றால் நல்லது, பூஜ்யம் என்றால் ஃபெயில் என்று பள்ளிக்கூடத்தில் பழகிய மனம் அது. வலியில் அந்தக் குழப்பம் வராது. ‘வலி பத்துக்கு எட்டு’ என்பது இயல்பாகவே புரியும். வேலைப் பகுதிக்கு வந்ததும் ‘எவ்வளவு செய்ய முடிகிறது’ என்று மனம் திருப்பிக்கொள்கிறது. அங்கே 2 என்றால் ‘கொஞ்சம்தான் முடிகிறது’.

பெரும்பாலும் குற்றம் தலைப்பு வரியில் இருக்கும். ‘கீழ்க்காணும் வேலைகளைச் செய்யும் திறன்’ என்று எழுதியிருந்தால் திறன் கூடக் கூட எண்ணும் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார். ‘செய்வதில் எவ்வளவு சிரமம்’ என்று மாற்றி, எண் வரிசையின் இரு முனையிலும் ‘சிரமமே இல்லை’, ‘செய்யவே முடியவில்லை’ என்பதை ஒவ்வொரு கேள்வியின் மேலேயும் திரும்ப அச்சடியுங்கள். பக்கத்தின் உச்சியில் ஒருமுறை மட்டும் போட்டால் ஆறாவது கேள்விக்கு வரும்போது மறந்துபோகும். ‘கஷ்டம்’ என்ற சொல் எல்லாருக்கும் புரியும். ஆனால் சிலருக்கு அது பணக் கஷ்டம்வரை இழுக்கும். ‘சிரமம்’ கொஞ்சம் ஏட்டுச் சொல்லானாலும் கையோடு நிற்கும்.

வலிப் பகுதியின் ஐந்தாவது கேள்வியையும் ஒரு பார்வை பாருங்கள். எவ்வளவு அடிக்கடி வலிக்கிறது என்பதற்கு 0 ஒருபோதும் இல்லை, 10 எப்போதும். ‘ஒரு நாளைக்கு மூணு தடவை’ என்று 3-ஐ வட்டமிடுபவர்கள் உண்டு.

முன்சோதனையில் ‘புரிகிறதா’ என்று கேட்டால் எல்லாரும் ‘புரியுது’ என்கிறார்கள். 30 பேரும் அப்படியே சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டத்துக்குப் போகலாமா?
_பிசியோதெரபிஸ்ட், திருநெல்வேலி_

வெள்ளை கோட்டுப் போட்டவர் கேட்டால் புரியவில்லை என்று யார் சொல்வார்? அந்த 30 ‘புரியுது’ கணக்கில் வராது.

ஒரு கேள்வியை அவர் வாசித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, “அம்மா, இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். எண் போட்டபின், “ஏழு போட்டீங்களே, ஏன் அஞ்சு போடல? எதை நெனச்சுப் போட்டீங்க?” என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அந்தச் சொற்களில்தான் உங்கள் அடுத்த திருத்தம் இருக்கிறது.

இப்படிக் கேட்டால் முதலில் வெளிவருவது ‘கை’ என்ற சொல். தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். ‘உங்கள் கையில் வலி’ என்றால் முழங்கை வலியும் தோள்பட்டைப் பிடிப்பும் உள்ளே வந்துவிடும். மணிக்கட்டைக் கேட்க வேண்டிய இடங்களில் ‘மணிக்கட்டு’ என்றே எழுதுங்கள். முதல் பக்கத்தில் கையின் கோட்டுப் படம் ஒன்றில் அந்த இடத்தைக் கறுப்பாக்கிக் காட்டினால் இன்னும் நல்லது. அடுத்து வெளிவருவது ‘சென்ற வாரம்’. சிலருக்கு அது போன ஞாயிறோடு முடிந்த வாரம். ‘இன்றிலிருந்து பின்னோக்கி 7 நாட்களில்’ என்பது அழகாக இல்லை, ஆனால் பிசகாது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம். சேர்த்துக்கொள்ளாமல் விட்டால் உங்கள் படிவம் படித்தவர்களின் மணிக்கட்டுக்கு மட்டும்தான். ஆனால் வாசிப்பவர் அச்சில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு வாசிப்பாளரும் ஒரு புதுப் படிவம். பக்கத்தில் நிற்கும் மகன் ‘அம்மாவுக்கு எட்டு போடுங்க’ என்றால் அதை எடுக்காதீர்கள். யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள், யார் தாமே எழுதினார்கள் என்பதை ஒவ்வொரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க உதவும்.

எத்தனை நோயாளிகள் வேண்டும்? மறுசோதனையை எத்தனை நாள் கழித்துச் செய்வது?
_பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி_

கேள்வி ஒன்றுக்கு 7 பேர், 100-க்குக் குறையாமல் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 15 கேள்விக்கு 105. கிழிந்தது, பாதியில் போனது எல்லாம் கழிய 120 பேரைச் சேர்க்கத் திட்டமிடுங்கள். மறுசோதனைக்கு, அதாவது அதே ஆளிடம் அதே படிவத்தை மீண்டும் நிரப்பக் கேட்பதற்கு, அவர்களில் 50 பேராவது வேண்டும்.

நாள் இடைவெளிதான் மணிக்கட்டில் நெருடல். புத்தகத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இருக்கும். மாவுக்கட்டு பிரித்துப் பயிற்சி தொடங்கியவருக்கு இரண்டு வாரத்தில் கை உண்மையிலேயே தேறிவிடும். அவர் எண் குறைந்தால் படிவம் நிலையில்லை என்று பழி படிவத்தின்மேல் விழும். மறுநாளே கேட்டால் போட்ட எண் ஞாபகத்தில் இருக்கும். எலும்பு முறிந்து ஆறு மாதம் கடந்து ஒரே நிலையில் நிற்பவர்களை எடுத்தால் ஒரு வாரம் விடலாம். புதிதாகக் கட்டுப் பிரித்தவர்கள் என்றால் 3 நாள். இரண்டாம் முறை, ‘போன தடவைக்கும் இப்போதைக்கும் கை எப்படி? தேவலை, அப்படியே இருக்கிறது, மோசம்’ என்று ஒரு கேள்வி சேர்த்து, ‘அப்படியே’ என்றவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

முதல் தடவை தாளில், இரண்டாம் தடவை போனில் என்று செய்யாதீர்கள். எண் மாறினால் கை மாறியதா கேட்ட விதம் மாறியதா என்று தெரியாது. மாவுக்கட்டோடு இருப்பவரிடமும் கேட்காதீர்கள். வேலைப் பகுதி முழுக்க 10 வரும். அதே போல முறிந்து ஒன்றரை வருடம் ஆனவர்களை மட்டும் சேர்த்தால் 0 குவியும். ஒரே முனையில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அந்த முனையில் படிவத்தால் ஆளை ஆள் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று பொருள். 120-இல் 22 பேர் 0 வாங்கினால் 18 சதவீதம். படிவத்தைக் குறை சொல்வதற்கு முன் யாரைச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள்.

க்ரோன்பாக் ஆல்ஃபா 0.97 வந்திருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்துவிட்டார். நாங்களும் மகிழலாமா?
_ஆய்வு மாணவர்கள், சென்னை_

கொஞ்சம் பொறுங்கள். ஆல்ஃபா என்பது படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். ஆல்ஃபா 0.70 முதல் 0.95 வரை இருந்தால் போதும் என்பது வழக்கமான அளவுகோல். அதற்கு மேல் போனால் ஒரே கேள்வியைப் பல உடைகளில் கேட்கிறீர்களோ என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ‘வீட்டு வேலை’, ‘வேலை’ ஜோடி இங்கேதான் கையும் களவுமாகப் பிடிபடும்.

ஆல்ஃபாவுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே அதுவும் கூடும். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு (ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் அளவு; அதிகபட்சம் 1) 0.3 என்று சுமாராக இருந்தாலும், 15 கேள்விகள் சேர்ந்தால் ஆல்ஃபா 0.87-ஐத் தொட்டுவிடும். அதனால் வலிப் பகுதிக்குத் தனியாக, வேலைப் பகுதிக்குத் தனியாகப் போடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் நீக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒன்றை நீக்கியதும் ஆல்ஃபா ஏறினால் அந்தக் கேள்வி மற்றவற்றோடு ஒட்டவில்லை; டிவிப் பொழுதுபோக்கும் கழிவறைக் கேள்வியும் அங்கே வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு முறை எடுத்த மதிப்பெண்களுக்கும் பியர்சன் ஒட்டுறவு 0.98. ஐ.சி.சி. எதற்கு? அதன்பின் வரும் எஸ்.இ.எம்., எம்.டி.சி. எல்லாம் எதற்கு?
_சேலம் வாசகர்_

எல்லாருக்கும் இரண்டாம் முறை சரியாக 10 மதிப்பெண் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பியர்சன் 1.00 காட்டும். இரண்டு மதிப்பெண்களும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து நகர்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. ஐ.சி.சி. என்பது இரண்டு முறை வந்த எண்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் அளவு; அதில் ‘முழு ஒப்புமை’ வகையை எடுத்தால் அந்த 10 வித்தியாசத்துக்குத் தண்டனை உண்டு. ஆனால் அதையும் கண்ணை மூடி நம்ப முடியாது. நோயாளிகளின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 20 என்றால் இதே உதாரணத்தில் ஐ.சி.சி. 0.89 வரும். 0.70 போதும் என்கிற அளவுகோலில் ஜம்மென்று தேறிவிடும்! ஆகவே பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் கட்டாயம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண்ணின் சராசரியைக் கிடைக்கோட்டிலும் வித்தியாசத்தை நிலைக்கோட்டிலும் குறியுங்கள். புள்ளிகள் 0-ஐச் சுற்றி இருக்கின்றனவா, 10-ஐச் சுற்றி இருக்கின்றனவா என்று கண்ணுக்கே தெரியும்.

எஸ்.இ.எம். என்பது மதிப்பெண்ணில் எப்போதும் இருக்கும் ஆட்டம். 1-இலிருந்து ஐ.சி.சி.யைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் பெருக்குங்கள். விலக்கம் 20, ஐ.சி.சி. 0.90 என்றால் 6.3. அதை 1.96-ஆலும் 2-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் எம்.டி.சி.: 17.5. ஒரு நோயாளியின் மதிப்பெண் இதைவிட அதிகமாக மாறினால்தான் ‘இது வெறும் ஆட்டம் இல்லை’ என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

இங்கே ஒரு பொறி. மணிக்கட்டருகே ரேடியஸ் எலும்பு முறிந்த நோயாளிகளில், அவர்களே ‘தேறியிருக்கிறேன்’ என்று உணரும் குறைந்தபட்ச மாற்றம் 11.5 மதிப்பெண் என்று 2015-இல் நெதர்லாந்திலிருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. உங்கள் எம்.டி.சி. 17.5 என்றால், நோயாளி உணரும் முன்னேற்றத்தைவிடப் படிவத்தால் உறுதியாகக் காட்ட முடிகிற மாற்றம் பெரிது. அப்போது கூட்டமாகச் சராசரி எடுத்து இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடப் படிவம் உதவும்; எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ‘12 குறைந்திருக்கிறது, தேறிவிட்டீர்கள்’ என்று சொல்ல உதவாது. கட்டுரையில் இந்த வேறுபாட்டை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

அளக்க வேண்டியதைத்தான் படிவம் அளக்கிறது என்று (ஏற்புடைமை) காட்ட எதோடு ஒப்பிடுவது? பிடிபலத்தோடு ஒட்டுறவு வெறும் -0.4 தான் வந்தது. தோல்வியா?
_பிசியோதெரபி விரிவுரையாளர், ஈரோடு_

தோல்வி இல்லை. -0.9 வந்திருந்தால்தான் பிரச்சினை. பிடிபல மானியே போதுமே, படிவம் எதற்கு? கருவி அளப்பது தசையின் பலத்தை, படிவம் அளப்பது அந்தக் கையோடு வாழ்வதை.

ஆனால் -0.4 வந்தபின் ‘இதைத்தான் எதிர்பார்த்தோம்’ என்று எழுதக் கூடாது. தரவு சேர்க்கும் முன்பே கருதுகோள்களைத் தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்: தோள் முதல் விரல் வரை கை முழுவதன் சிரமத்தைக் கேட்கும் டாஷ் படிவத்தோடு 0.70-க்கு மேல், நல்ல கையோடு ஒப்பிட்ட பிடிபல விகிதத்தோடு -0.3 முதல் -0.6 வரை, மனநலக் கேள்விகளைவிட உடல்நலக் கேள்விகளோடு நெருக்கம், கட்டுப் பிரித்து ஒரு மாதத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் ஆனவர்களைவிட அதிக மதிப்பெண். இப்படிப் பத்து எழுதி எட்டு பலித்தால் நல்லது; 75 சதவீதம் என்பது வழக்கமான எல்லை.

பிடிபலம் எடுக்கும்போது ஜாமர் கருவியின் கைப்பிடியை இரண்டாம் நிலையில் வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். ஒருவருக்கு உட்கார்ந்து, ஒருவருக்கு நின்று என்று எடுத்தால் -0.4 கூட வராது. ஒப்பிடும் டாஷ் படிவமும் தமிழில் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அன்றைக்கே நீங்கள் தமிழாக்கிய டாஷோடு ஒப்பிட்டால், அளவு தெரியாத படியை இன்னொரு அளவு தெரியாத படியால் நிறுப்பது. மிச்சிகன் கைப் படிவத்தை எடுத்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: அதில் வலிப் பகுதி தவிர மற்றவற்றில் அதிகம் என்றால் நல்லது. ஒட்டுறவு கழித்தல் குறியோடு வந்தால் பதற வேண்டாம்.

தமிழ்நாட்டில் சோதித்த படிவத்தை இங்கே அப்படியே எடுக்கலாமா?
_மருத்துவத்துறை மாணவி, யாழ்ப்பாணம்_

எழுத்து ஒன்றுதான், சில சொற்கள் சறுக்கும். நாற்காலி என்றால் உங்களுக்கும் புரியும், ஆனால் பேச்சில் கதிரைதான். வலி என்பதற்குப் பக்கத்தில் நோவும் இருக்கிறது. இவை சின்னவை. பெரியது ‘விறைப்பு’. தமிழ்நாட்டில் அது மூட்டு மடங்காமல் நிற்பது. இலங்கையில் அது மரத்துப்போவது. பி.ஆர்.டபிள்யூ.இ.யில் இந்தக் கேள்வி இல்லாததால் தப்பித்தோம். ஊசி குத்துவதுபோன்ற உணர்வையும் விறைப்பையும் தனித்தனியே கேட்கும் டாஷ் போன்ற படிவங்களில் பதில்கள் குழம்பிவிடும். சொற்களை மாற்றி 30 பேரிடம் முன்சோதனையும், 50 பேரிடம் மறுசோதனையும் நடத்தினால் பெரும்பாலும் போதும்; மொழிபெயர்ப்பைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதில்லை.

மதிப்பெண் கூட்டுவதில் எங்கள் குழுவில் மூவருக்கு மூன்று விடை. சரியான வழி?
_விழுப்புரம் வாசகர்_

வலிப் பகுதி 5 கேள்வி, அப்படியே கூட்டுங்கள்: 6, 8, 9, 9, 7 என்றால் 39. வேலைப் பகுதி 10 கேள்வி, கூட்டி இரண்டால் வகுங்கள்: 71 வந்தால் 35.5. இரண்டும் சேர்ந்து 74.5. வகுக்க மறந்தவருக்கு 110 வந்திருக்கும். 100-ஐத் தாண்டாத நோயாளிகளிடம் இந்தப் பிழை வெளியே தெரியாது, அதுதான் ஆபத்து.

கழிவறைக் கேள்வி வெற்றாக இருந்தால் அதை 0 என்று எடுக்காதீர்கள். மற்ற ஒன்பதின் கூட்டுத்தொகை 65 என்றால் சராசரி 7.2; அதை வெற்றிடத்தில் இட்டுக் கூட்டினால் 72.2, பாதி 36.1, மொத்தம் 75.1. 0 என்று எடுத்தவருக்கு 71.5 வந்திருக்கும். மூன்றாவது விடை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். கணினித் தாளில் வெற்றிடத்தை வெற்றிடமாகவே ஏற்றுங்கள். 0 என்று தட்டிவிட்டால், தொந்தரவே இல்லாதவர் யார், பதிலே சொல்லாதவர் யார் என்று பிறகு கண்டுபிடிக்க மூலத் தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.